குப்புற வைத்த சிலேட்டு

மரத்தை மரம் உரசுவதுபோல ஒரு முனகல், அதன் வாலில் சின்னதாய் ஒரு தட்டு, பிறகு ஒன்றுமில்லை. வெளியே இருட்டிவிட்டது. இருட்டிவிட்டது என்றால் ராத்திரி ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை, போலந்தில் இந்தக் கடற்கரை ஊரில் டிசம்பர் மாதம் மதியச் சோற்றுத் தட்டைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் வானம் கறுத்துவிடுகிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் தெருவிளக்கு வெளிச்சத்தில் வீட்டுக்குப் போகின்றன. என் பிள்ளை லியோன் என் இடது கையில் தலை வைத்துத் தூங்குகிறான். கை மரத்துப்போய்விட்டது, ஆனால் உருவினால் விழித்துக்கொள்வான், விழித்தால் அழுவான், அழுதால் எனக்கு ஒன்றும் கேட்காது. மறுபடியும் அந்த முனகல். ஜன்னலடி இரும்புக் கணப்பா? அதன் முனகல் எனக்குத் தெரியும், பசித்த வயிற்றுக்குள் தண்ணீர் ஓடுவதுபோல இருக்கும். மாடிப்படியில் யாராவதா? யாராவது ஏறினால் படிவிளக்கு தானே எரியும், எங்கள் கதவுக்கு அடியில் வெளிச்சக் கோடு விழும். கோடு இல்லை. இந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும், அதைவிடப் பத்திரம் வேறென்ன வேண்டும் என்று என் கணவர் ரெஜி கேட்பார். பூட்டிக்கொண்டது என்பதை நான் எப்படி நம்புவது, என் கை எதையும் செய்யவில்லையே. ரெஜி இப்போது கடலில் இருக்கிறார். பழுது பார்த்த கப்பலை ஓட்டிப்பார்க்கப் போயிருக்கிறார்கள், கரைக்குத் திரும்பும்வரை அவர் போனுக்கு உயிர் கிடையாது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறேன். முனகல், தட்டு. இப்போது தெரிந்துவிட்டது. அது இந்த வீட்டிலிருந்து வரவில்லை. தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கும் என் போனிலிருந்து வருகிறது. தூத்துக்குடியிலிருந்து வருகிறது. அம்மா தனியாக இருக்கிற வீட்டிலிருந்து.

அம்மா அழைப்பைத் துண்டிப்பதே இல்லை. துண்டிக்கத் தெரியாது. நாங்கள் கிளம்பும்போது ரெஜி வாங்கிக் கொடுத்த டேப்லெட்டுக்கு அவள் வைத்த பெயர் சிலேட்டு. அதன் முகத்தைச் சேலைத்தலைப்பால் துடைத்துவிட்டுத்தான் பேச உட்காருவாள், எச்சில் தொட்டு அழிக்காத குறை. பேசி முடித்ததும் "சரிட்டி, வச்சிருதேன்" என்பாள், சொன்னபடியே வைத்துவிடுவாள், அடுப்படி மேசைமேல் குப்புற. போனை வைப்பது என்றால் அவளுக்கு வைப்பதுதான். எங்கள் வீட்டு லேண்ட்லைன் காலத்தில் ரிசீவரைக் கவிழ்த்து வைத்தால் எதிர்முனை அடங்கிப்போகும், அதே நியாயம் சிலேட்டுக்கும். வந்த புதிதில் சொல்லத்தான் வாயெடுத்தேன், அம்மா, கீழே சிவப்பு வட்டம் இருக்குல்லா, அதை அமுக்கணும் என்று. அதற்குள் திரை கறுத்துவிட்டது. கறுத்த திரைக்குள் எங்கள் வீட்டுக் குழாய் திறந்தது. முதலில் இருமி, காற்றைத் துப்பி, பிறகு ஒழுங்காக விழும் அதே குழாய். எவர்சில்வர் தட்டு தொட்டியில் இறங்கியது. மின்விசிறி டக் டக் என்று ஒரு பக்கம் சாய்ந்து சுற்றியது, அதைச் சரிபண்ணச் சொல்லி அப்பாவிடம் எத்தனை வருஷம் சொல்லியிருப்போம். நான் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன். என் பக்கத்து மைக்கை அமுக்கி மூடினேன், லியோனின் சிணுங்கல் அங்கே கேட்டுவிடக் கூடாதே. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம், அம்மாவுக்கு ராத்திரி, அவள் போனை வைக்கிறாள், நான் வைப்பதில்லை. படத்தில் தெரியும் அம்மா வேறு, அவள் மூக்குதான் பெரிதாகத் தெரியும், பேச்சு இரண்டு நொடி தள்ளி வரும், நல்லா இருக்கியா, சாப்பிட்டியா, பிள்ளைக்குச் சளியா. குப்புற வைத்த பிறகு வருவதுதான் என் வீடு.

அதற்கு ஒரு வரிசை உண்டு. குழாய், தட்டு கழுவுதல், காஸ் மூடும் திருகல், பிறகு மூன்று அருள்நிறை மரியே ஜெபம், நடுவில் கொட்டாவி வந்தால் 'பாவிகளாயிருக்கிற' என்பது 'பாவியாயிக்க' என்று உருகிப் போகும். கடைசியில் பின்கதவு. பின்கதவில்தான் எல்லாம் இருக்கிறது. அப்பா ஹார்பரில் ஷிப்ட் பார்த்தவர், வேலை முடிந்து சைக்கிளைப் பின்பக்கமாகத்தான் உருட்டிக்கொண்டு வருவார். அவர் வரும்வரை பின்கதவு சாத்தியிருக்கும், அம்மா தாப்பா போடமாட்டாள், தாழ்ப்பாளை அவள் அப்படித்தான் சொல்வாள். எல்லாரும் உள்ளே வந்த பிறகுதான் தாப்பா, அது அம்மாவின் சட்டம். கையைத் தாப்பாமேல் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்துக் கேட்பாள், "எல்லாரும் உள்ள வந்தாச்சா?" மொத்தம் மூன்று பேர், அதில் கேட்கிறவள் ஒருத்தி. நான் பாயில் கிடந்தபடி "வந்தாச்சு" என்பேன், அப்பா என்னைப்போலக் கீச்சுக்குரலில் "வந்தாச்சு" என்பார், அம்மா "இந்த மனுசனுக்கு வயசே ஆகாது" என்பாள், கதவைக் கொஞ்சம் தூக்கிப்பிடித்து இழுத்தால்தான் அந்தத் தாப்பா விழும், டடக். அந்தச் சத்தத்தோடு என் கண் மூடும். அப்பா போய் வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போதும் கேட்கிறாள். ஆள் இல்லாத வீட்டில், தாப்பாமேல் கை வைத்து, சத்தமாக, "எல்லாரும் உள்ள வந்தாச்சா?" கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிற்கிறாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் இங்கே போர்வைக்குள் உதட்டைக் கடித்துக்கொண்டு கிடப்பேன். மைக் மூடித்தான் இருக்கிறது, ஆனாலும் கடித்துக்கொள்வேன். பிறகு டடக். பிறகுதான் என்னால் எழுந்து இந்த ஊர் வேலைகளைப் பார்க்க முடியும், லியோனுக்குக் கஞ்சி காய்ச்ச முடியும், தாழ்ப்பாள் இல்லாத கதவுக்கு உள்ளே தைரியமாக நடமாட முடியும். இன்றைக்கு அந்த டடக் வரவில்லை. ஜெபமும் வரவில்லை. பின்கதவு திறக்கிற சத்தம் மட்டும் வந்தது, மூடுகிற சத்தம் வரவில்லை.

என்னால்தான். மெதுவாகச் சொல்லியிருக்கலாம். லியோனைத் தூக்கிக் காட்டி, பல் காட்டி, கை தட்ட வைத்து, அவள் சிரித்துக்கொண்டிருந்தபோது சொல்லியிருக்கலாம். அவன் அழுதுகொண்டிருந்தான், நான் அவசரத்தில் கொட்டிவிட்டேன். "ரெஜிக்கு வேலைய நீட்டிட்டாங்கம்மா. கிறிஸ்மஸுக்கு வர முடியாது." படத்தில் அம்மாவின் முகம் அப்படியே நின்றது, நெட் நின்றுபோச்சோ என்று நினைத்தேன், பின்னால் விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. "ஈஸ்டருக்குப் பாப்போம்மா." "ஈஸ்டருக்கா." "ஆமா." "அப்பம் அவன் ஓடிருவானே." "யாரு ஓடிருவா?" "ஒண்ணுமில்ல. உம் மாப்பிள்ளைட்ட சொல்லு, தலைக்கு எண்ண தேச்சுட்டுக் கப்பல்ல ஏறச் சொல்லு, கண்ணெல்லாம் செவந்து கெடக்கு போட்டாவுல." "சரிம்மா." "சரிட்டி. வச்சிருதேன்." முகத்தைத் துடைக்கவில்லை, என் முகத்தைத்தான் சொல்கிறேன், தினமும் கவிழ்ப்பதற்கு முன்னால் மறுபடியும் சேலைத்தலைப்பால் ஒருதரம் திரையைத் துடைப்பாள், நெற்றியிலிருந்து தாடைவரை துணி இறங்கும். இன்றைக்கு அப்படியே கவிழ்த்துவிட்டாள்.

முனகல், தட்டு. தூரமாகப் போகிறதோ? பின்வாசல் பக்கமாகவா? போன வாரம்தான் அம்மா சொன்னாள், இரண்டு தெரு தள்ளி இன்னாசி வீட்டில் பின்கதவு வழியாக எவனோ புகுந்து சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய்விட்டான். இன்னாசி பெண்டாட்டி அரைத்தூக்கத்தில் புருஷன் என்று நினைத்து, "மெல்ல உருட்டுங்க, பிள்ள முழிச்சிரும்" என்று சொல்லியிருக்கிறாள், "சரி" என்று பதிலும் வந்ததாம். அம்மா இதைச் சொல்லிவிட்டு மூச்சு வாங்கச் சிரித்தாள், நானும் சிரித்தேன். இப்போது அது சிரிப்பாக இல்லை. உருட்டுகிற சத்தம்தானே இது. சிலிண்டர் என்றால் இரும்பு, இது மரம். மரத்தில் எங்கள் வீட்டில் என்ன இருக்கிறது, கட்டில், ஸ்டூல், அப்பாவின் நாற்காலி. ஒருவேளை அம்மாவே விழுந்து கிடந்து, எழுந்திருக்க ஸ்டூலைப் பிடித்து இழுக்கிறாளோ. சர்க்கரை இறங்கினால் அவளுக்குத் தலை சுற்றும், மனசு ஒடிந்தால் சாப்பிடாமல் படுப்பாள், சாப்பிடாமல் மாத்திரை போட்டால் இறங்கத்தானே செய்யும். சாப்பிட்டாளா? தட்டு கழுவுகிற சத்தம் வந்ததா இன்றைக்கு? குழாய் இருமியதா? நினைவில்லை, நேற்று வந்த சத்தமும் முந்தாநாள் வந்த சத்தமும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன, எது இன்றைக்கு உள்ளது என்று பிரிக்க முடியவில்லை. அடுத்த வீட்டுக் கிளாடிஸ் அக்காவைக் கூப்பிடலாம். அதற்கு இந்த அழைப்பைத் துண்டிக்கவேண்டும். துண்டித்துவிட்டால் அந்த வீட்டுக்குள் எனக்கிருக்கும் ஒரே காதும் போய்விடும், அதன் பிறகு கிளாடிஸ் அக்கா எடுக்கவில்லை என்றால், எடுத்துப் போய்த் தட்டி அம்மா திறக்கவில்லை என்றால், என்னால் மறுபடி உள்ளே போக முடியாது. ஒரே வழி, மைக்கைத் திறந்து "அம்மா" என்று கத்துவது. வலது கை சும்மாதான் இருக்கிறது. கட்டைவிரல் போனுக்கு மேலே நிற்கிறது. இறங்க மாட்டேன் என்கிறது.

கத்தினால் அவளுக்குத் தெரிந்துவிடும். எதுவும் நடந்திருக்கவில்லை என்றால், அவள் பாட்டுக்குப் பின்வாசலில் காற்று வாங்கிக்கொண்டு நின்றாள் என்றால், சிலேட்டை எடுத்துப் பார்ப்பாள், "ஏட்டி, நீ இன்னும் போகலையா" என்பாள், பிறகு மெல்ல மெல்லப் புரியும், நேற்று, முந்தாநாள், கொட்டாவி விட்டது, தனியாகப் பேசியது, கிளாடிஸோடு என் தலையை உருட்டியது எல்லாம். சிவப்பு வட்டத்தைக் கண்டுபிடித்துவிடுவாள். நாளையிலிருந்து வச்சிருதேன் என்று சொல்லி நிஜமாகவே வைத்துவிடுவாள். எனக்கு மூக்கும் நல்லா இருக்கியாவும் மட்டும் மிஞ்சும். ஹாஸ்டலில் இப்படித்தான். பாளையங்கோட்டை கான்வென்டில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன், வராந்தாவில் வரிசை, பக்கத்தில் சிஸ்டர் எவரிஸ்தா கைக்கடிகாரத்தைத் திருப்பிக் கட்டிக்கொண்டு நிற்பார், ஹாஸ்டலுக்குள் இங்கிலீஷ்தான் பேசவேண்டும், அம்மாவிடம்கூட. நான் பேசுவேன், அம்மா மறுமுனையில் "என்னட்டி சொல்லுத, ஒண்ணும் வெளங்கல, ஆனா நிப்பாட்டாத, பேசு" என்பாள். சத்தம்தான் அவளுக்கு வேண்டியிருந்தது, அர்த்தம் இல்லை. முடியும்போது "நீ வை" என்பாள், "நீ வைம்மா" என்பேன், "நீதான் சின்னப்பிள்ள, நீதான் முதல்ல வைக்கணும்", "நீ முதல்ல", கடைசியில் சிஸ்டர் விரலை நீட்டி போன் கட்டையை அமுக்கிவிடுவார். "நாடகமெல்லாம் ஆண்டு விழாவுல. நெக்ஸ்ட்." காதுக்குள் அந்த நீளமான கூவல். அந்த விரலை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை, இப்போது என் கட்டைவிரலைப் பார்த்தாலும் அதுதான் ஞாபகம் வருகிறது. இத்தனை தூரம் வந்து, ஊரே பையில் வைத்துக்கொண்டு திரிகிற போன் ஒன்றை வைத்துக்கொண்டு, நான் மறுபடியும் அதே வராந்தாவில் நிற்கிறேன்.

கிளாடிஸ் அக்காவோடு அம்மா என் தலையை உருட்டியதுதான் ருசி. அம்மா சிலேட்டைக் கவிழ்த்ததும் அக்கா மாவு அரைத்த கையோடு வந்துவிடுவாள். "என்ன சொல்லுதா மதினி ஒங்க மக?" "என்னத்தச் சொல்லுவா. குளிருதுங்கா. பிள்ளைக்குச் சட்டை மேல சட்டையாப் போட்டு உருட்டி வச்சிருக்கா, முட்டைக்கோசு கணக்கா." "தெனமும் மூஞ்சியப் பாத்துப் பேசுதியளே, அது போதாதா." "அவ என்னையா பாக்கா? கட்டத்து ஓரத்துல அவ மூஞ்சி தெரியுதுல்லா, அதைப் பாத்துத் தலைய ஒதுக்குதா. எம் பக்கம் கண்ணு வரவே வராது." இருவரும் சிரித்தார்கள், நான் போர்வையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன், பிறகு அழுதேன், ஏனென்றால் உண்மைதான். மறுநாளிலிருந்து அவளையே பார்த்தேன், "என்னட்டி அப்படி முழிக்க" என்றாள். இன்னொரு நாள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். "சக்கரம் மாட்டியாச்சா?" "ஆசாரி நாளைக்குத் தாரேங்கான். பழசு முழுக்க உளுத்துட்டுல்லா." "மகள்ட்ட சொல்லலியா?" "சொல்லிராத. வந்து பாக்கட்டும்." எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தையல் மெஷினை மறுபடி ஓட்டப் போகிறாளோ, இந்த வயசில் கண்ணைக் கெடுத்துக்கொள்ளப் போகிறாளோ என்று கவலைப்பட்டேன், கேட்கவும் முடியவில்லை. திருட்டுக் காதுக்கு வாய் கிடையாது.

முனகல், தட்டு. நின்றுவிட்டது. ரொம்ப நேரமாக நின்றிருக்கிறது. நாய் ஒன்று தூரத்தில் குரைக்கிறது, அது எங்கள் தெரு நாய்தான், கடைசியில் ஒரு இழுப்பு இழுக்கும். லியோன் தூக்கத்தில் காலை உதைக்கிறான். இந்த வாரம் முழுக்க அவனுக்கு இதே வேலை, சோபாவைப் பிடித்து நிற்கிறான், பிடியை விடுகிறான், ஆடுகிறான், உட்கார்ந்துவிடுகிறான், பிடித்துக்கொண்டு நடக்க ஏதாவது வேண்டும் இவனுக்கு, பிடித்துத் தள்ளிக்கொண்டு… சக்கரம். உளுத்த சக்கரம். அப்பம் அவன் ஓடிருவானே. என் உள்ளங்கைக்குத்தான் முதலில் தெரிந்தது. வழுவழுப்பான ஒரு குறுக்குக் கட்டை, அதில் என் எச்சிலும் அப்பாவின் எண்ணெய்க் கையும் ஊறிப்போன வாசனை, முன்னால் ஒற்றைச் சக்கரம், பின்னால் இரண்டு, தள்ளும்போது ஒரு முனகல், ஓட்டுத் தரையில் கல் மாறும் இடத்தில் ஒரு தட்டு. நடைவண்டி. என்னுடைய நடைவண்டி. பரண்மேல் கோணியில் சுற்றிக் கிடந்ததை இறக்கி, ஆசாரியிடம் கொடுத்து, புதுச் சக்கரம் மாட்டி, எங்கேயோ ஒளித்துவைத்து, கிறிஸ்மஸுக்கு நாங்கள் உள்ளே நுழையும்போது கூடத்தில் நிறுத்தி வைக்கலாம் என்று. நான் வரவில்லை என்றேன். ஈஸ்டருக்கு என்றேன். ஈஸ்டருக்குள் அவன் யாரையும் எதையும் பிடிக்காமல் ஓடிவிடுவான். அதனால் அம்மா அதை இருட்டில் பின்கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போகிறாள். திருடன் இல்லை. தலைசுற்றல் இல்லை. பயந்தது எல்லாம் ஒரு மூச்சில் இறங்கிவிட்டது, இறங்கின இடத்தில் வேறொன்று ஏறி உட்கார்ந்துகொண்டது, அது பயத்தைவிடக் கனமாக இருக்கிறது. அவளுக்கு முதுகு வளையாது. நடைவண்டியைத் தள்ள முதுகை வளைக்கவேண்டும், அது குழந்தை உயரத்துக்குச் செய்தது.

சத்தமே இல்லை. கொட்டகை வாசலில் நிற்கிறாள் போல. நான் அவளைப் பார்க்கிறேன், திரை கறுப்பாக இருந்தாலும் பார்க்கிறேன், கொட்டகைப் படியில் உட்கார்ந்து வண்டியை முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருப்பாள், அல்லது சக்கரத்தைத் தடவிக்கொண்டிருப்பாள், பனி விழுகிற நேரம், தலையில் துணிகூட இருக்காது. உள்ளே வாம்மா. வந்து கதவைச் சாத்தும்மா. மைக் மூடியிருக்கிறது என்று தெரிந்தே சொல்கிறேன், லியோனின் தலைமுடிக்குள் சொல்கிறேன். அப்போது முனகல். தட்டு. மறுபடி முனகல். ஒவ்வொரு முனகலும் கொஞ்சம் பெரிதாக வருகிறது. வெளியே போன வண்டி திரும்பி வருகிறது. வாசல்நடையில் ஒரு பெரிய தட்டு, ஏறிவிட்டது. அம்மாவின் மூச்சு. "கெடக்கட்டும்" என்கிறாள் யாரிடமோ. "ஓடுற பிள்ளையும் தள்ளும்." பின்கதவு சாத்துகிற சத்தம். இப்போது தாப்பாமேல் கை வைப்பாள், கேட்பாள், நிற்பாள். நான் காத்திருக்கிறேன். வரவில்லை. செருப்பில்லாத கால்கள் அடுப்படிப் பக்கம் வருகின்றன, மேசைக்கு வருகின்றன, திடீரென்று என் கறுப்புத் திரையில் ஒரு வெளிச்சம், விட்டம், சாய்ந்து சுற்றும் விசிறி, பிறகு எல்லாம் சரிந்து நீலப் பூப்போட்ட சேலை. சிலேட்டைத் தூக்கிவிட்டாள். முகத்துக்கு நேரே பிடிக்கவில்லை. திரையைப் பார்க்கவேயில்லை. பிள்ளையைத் தூக்குவதுபோல இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடக்கிறாள், தரை ஓடுகள் தலைகீழாக ஆடி ஆடிப் போகின்றன, ஒரு மூலையில் புதுச் சக்கரம் ஒன்று மஞ்சளாகப் பளிச்சென்று வந்து மறைகிறது. கதவின் பச்சை பெயிண்ட் திரை முழுக்க நிறைந்து நிற்கிறது. இவ்வளவு பக்கத்தில் அந்தக் கதவை நான் பார்த்து எத்தனை மாதம்.

தாப்பாமேல் கை விழுகிறது, இரும்பு லேசாக நடுங்குகிற சத்தம்கூடக் கேட்கிறது. அம்மா தொண்டையைச் செருமிக்கொள்கிறாள். வீட்டைப் பார்த்துத்தான் கேட்கிறாள், எப்போதும்போலச் சத்தமாக. "எல்லாரும் உள்ள வந்தாச்சா?" கேட்டுவிட்டு நிற்கிறாள். விசிறி டக் டக் என்கிறது. அவள் இன்னும் நிற்கிறாள், எந்த நாளையும்விட அதிகமாக நிற்கிறாள். என் கட்டைவிரல் இறங்குகிறது. மைக் படத்தின் மேலிருந்த கோடு போய்விட்டது. லியோன் விழித்தால் விழிக்கட்டும்.

"வந்தாச்சும்மா."

அவள் திடுக்கிடவில்லை, இந்தப் பதிலுக்காகவே நின்றவள்போல. கதவைக் கொஞ்சம் தூக்கிப்பிடித்து இழுக்கிற மூச்சு மட்டும் கேட்கிறது, பிறகு காதுக்குள்ளேயே விழுகிறது, டடக்.